தாவர நிறமிகளும் நோய்த் தடுப்பும்: சேலத்துக் காய்கறிக் கூடையை வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூரமங்கலம், அம்மாபேட்டை, தாதகாப்பட்டி உழவர் சந்தைகளில் காலையில் காய் வாங்குவோரும், விடுமுறை நாளில் ஏற்காடு போய்ப் பழங்களோடு இறங்குவோரும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. இந்த நிறக் காய் புற்றுநோயைத் தடுக்குமா, அந்த நிறப் பழம் சர்க்கரையைக் குறைக்குமா, இவற்றை மாத்திரையாகவே விழுங்கிவிடலாமா என்று கேட்கிறார்கள். உறுதியானது எது, இன்னும் உறுதிப்படாதது எது என்று பிரித்துக் காட்டி அவற்றுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

தாவர நிறமிகள் என்பவை எவை?

இலை, பூ, காய், கனி, கிழங்கு ஆகியவற்றுக்கு நிறம் தரும் வேதிப்பொருள்களே நிறமிகள். செடி இவற்றைத் தன் தேவைக்காகவே உண்டாக்கிக்கொள்கிறது: வெயிலிலிருந்து ஆற்றலைப் பெறவும், மிகுதியான வெயிலால் தன் இலை கருகாமல் காத்துக்கொள்ளவும், வண்டையும் பறவையையும் தன்னிடம் ஈர்க்கவும் அவை பயன்படுகின்றன. உணவில் நாம் காண்பவற்றுள் பெரும்பாலானவை நான்கு குடும்பங்களுக்குள் அடங்கும். கீரையின் பச்சைக்குக் குளோரோஃபில் காரணம். மாம்பழம், பப்பாளி, கேரட், அரசாணிக்காய், தக்காளி ஆகியவற்றின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களுக்குக் கரோட்டினாய்டுகள் காரணம். நாவல்பழம், கத்தரிக்காய்த் தோல், கருப்பு கவுனி அரிசி ஆகியவற்றின் ஊதாவும் கருமையும் ஆந்தோசயனின்களால் வருபவை. பீட்ரூட்டும் சிவப்புத் தண்டுக்கீரையும் பீட்டாலைன்களால் சிவந்திருக்கின்றன. பார்வைக்கு நாவல்பழச் சாற்றின் கறையும் பீட்ரூட்டின் கறையும் உறவுடையவை போலத் தோன்றினாலும் அவை வேதியியலில் முற்றிலும் வேறானவை. ஆந்தோசயனினும் பீட்டாலைனும் ஒரே செடியில் சேர்ந்திருப்பதாக இதுவரை எங்கும் காணப்படவில்லை. மஞ்சள் கிழங்கின் குர்குமின் இந்த நான்கிலும் சேராமல் தனியே நிற்பது.

இவை நோயைத் தடுக்கின்றன என்பது எந்த அளவுக்கு உண்மை?

இந்தக் கேள்விக்கு ஒரே விடை சொல்ல முடியாது; நிறமிக்கு நிறமி சான்றின் வலிமை மாறுகிறது.

சில கரோட்டினாய்டுகள் உடலுக்குள் வைட்டமின் ஏ ஆக மாறுகின்றன என்பதிலும், அந்த வைட்டமின் குறைந்தால் மாலைக்கண் நோயும், கவனிக்காமல் விட்டால் நிலையான பார்வை இழப்பும் வரும் என்பதிலும் ஐயமே இல்லை. லூட்டின், ஜியாசாந்தின் என்னும் மஞ்சள் நிறமிகள் விழித்திரையின் நடுப்பகுதியில் போய்ப் படிந்து அங்கே ஒளியை வடிகட்டுகின்றன என்பதும் உறுதியானதே. இதய நோயும் சிலவகைப் புற்றுநோய்களும் காய், கனி, கீரை நிறைய உண்போருக்குக் குறைவாக வருகின்றன என்பதைப் பல நாடுகளின் நீண்டகாலக் கண்காணிப்பு ஆய்வுகள் (மக்கள் தாமாக உண்பதை மாற்றாமல் கவனித்து மட்டும் வருபவை) காட்டியிருக்கின்றன. ஆனால், அந்தப் பயன் நிறமியால் வந்ததா, அதே காயில் இருக்கும் நார்ச்சத்து, பொட்டாசியம், ஃபோலேட் என்னும் பி வைட்டமின் ஆகியவற்றால் வந்ததா, அல்லது அவற்றை உண்போர் பொதுவாகவே உடலைப் பேணுபவர்களாக இருப்பதால் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

நிறமிகள் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் (ஆன்டிஆக்சிடன்ட்) என்பது விளம்பரங்களில் மிகுதியாகக் காணப்படும் வாசகம். சோதனைக்குழாயில் அது உண்மை. உடலுக்குள் கதை வேறு: ஆந்தோசயனின் போன்றவற்றில் மிகச் சிறு பகுதியே மாறாத வடிவில் இரத்தத்துக்குள் செல்கிறது, எஞ்சியதைக் குடல் நுண்ணுயிரிகள் வேறு பொருள்களாகச் சிதைக்கின்றன. அந்தச் சிதைவுப் பொருள்களே இரத்தக்குழாய்ச் சுவர்களில் நன்மை செய்கின்றன என்று இன்றைய ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ஆகவே, ஒரு பழத்தின் ஆக்சிஜனேற்றத் தடுப்பு எண் இன்னொன்றைவிடப் பெரியது என்று விளம்பரம் சொன்னால், அதை வைத்து எதை வாங்குவது என்று முடிவெடுக்க வேண்டியதில்லை.

வைட்டமின் ஏ பெறுவதற்குக் கேரட்டைவிட நல்ல உள்ளூர்ப் பொருள் உண்டா?

உண்டு. முருங்கைக்கீரை. முருங்கைக்கீரையில் கிடைக்கும் பீட்டா கரோட்டின் அதே எடை மாம்பழத்தில் கிடைப்பதைவிடப் பல மடங்கு மிகுதி. அந்தக் கீரை சேலம் மாவட்டத்துச் சிற்றூர்களில் காசில்லாமல் கொல்லையிலேயே கிடைக்கிறது. அரைக்கீரை, முளைக்கீரை, பொன்னாங்கண்ணி, அகத்தி ஆகிய எல்லாவற்றிலும் இது நிறைந்திருக்கிறது. குளோரோஃபில்லின் பச்சை மேலோங்கி நிற்பதால் அடியிலிருக்கும் மஞ்சள் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

உணவிலிருந்து வரும் பீட்டா கரோட்டின் 12 மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் 1 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ-க்குச் சமமாகும் என்று ஊட்டச்சத்துக் கணக்கில் கொள்ளப்படுகிறது. எனவே என்றோ ஒருநாள் ஒரு துண்டு பப்பாளி என்பது போதாது. கீரை அடிக்கடி இலையில் விழ வேண்டும். சந்தையில் மிகுதியாகக் கிடைக்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு வெளியே சிவந்தும் உள்ளே வெளுத்தும் இருப்பது. அதில் கரோட்டின் மிகக் குறைவு. உள்ளேயும் ஆரஞ்சு நிறமாக இருக்கும் கிழங்கே இதற்கு உதவும்.

இந்தியாவில் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ திரவம் கொடுக்கும் திட்டம் 1970-இல் தொடங்கியது. 9 மாதத்தில் ஒரு லட்சம் அலகும், அதன்பின் 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு லட்சம் அலகும் தருவது அதன் முறை. வீட்டில் கீரை கொடுக்கிறோம் என்பதற்காக அந்தத் தவணைகளைத் தவறவிட வேண்டாம். இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டியவை.

கேரட்டைப் பச்சையாகத் தின்பது நல்லதா, வேகவைத்துத் தின்பது நல்லதா?

கரோட்டினைப் பொறுத்தவரை, சிறிது எண்ணெயோடு வேகவைத்ததே மேல். கரோட்டினாய்டுகள் கொழுப்பில் கரைபவை. அவை செல்சுவர்களுக்குள் இறுகக் கிடக்கின்றன. வெப்பம் அந்தச் சுவரை இளக்குகிறது, எண்ணெய் அவற்றைக் கரைத்துக் குடலுக்குள் கடத்துகிறது. ஒரு வேளை உணவில் ஒரு தேக்கரண்டி கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ இருந்தால் போதும். தேங்காய்த் துருவலும் இதே வேலையைச் செய்யும். பச்சைக் கேரட் வீண் என்று இதற்குப் பொருளில்லை. நிலக்கடலையோ தயிரோ அந்த உணவில் இருந்தால் அதுவும் உதவும்.

கீரை கடையும்போது பச்சை நிறம் மங்கிவிடுகிறதே, சத்தும் போய்விட்டதா?

குளோரோஃபில் மூலக்கூற்றின் நடுவில் ஒரு மக்னீசிய அணு உள்ளது. கீரை வேகும்போது அதிலிருந்தே வெளிவரும் அமிலமும், நாம் சேர்க்கும் புளியும் தக்காளியும் அந்த அணுவை வெளியேற்றிவிட, பச்சை மங்கிப் பழுப்பாகிறது. அந்த நிலையிலும் கரோட்டினாய்டுகளும் இரும்பும் கால்சியமும் நார்ச்சத்தும் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. குறைவது வைட்டமின் சி-யும் ஃபோலேட்டின் ஒரு பகுதியும்தான். குறைந்த நீரில் வேகவிட்டு, அந்த நீரை வடித்துக் கொட்டாமல் கடைசலிலேயே சேர்த்துவிடுங்கள். புளியைக் கடைசியில் விடுங்கள். தொடக்கத்தில் சிறிது நேரம் மூடியைத் திறந்து வையுங்கள். நிறம் நிற்க வேண்டும் என்று சமையல் சோடா போடுவதை மட்டும் கட்டாயம் தவிர்க்க வேண்டும்: பச்சை பளிச்சென்று நிற்கும், ஆனால் தயமின் என்னும் வைட்டமினும் வைட்டமின் சி-யும் அதில் அழியும்.

குளோரோஃபில்லுக்கே மருத்துவப் பயன் உண்டா என்று சிலர் கேட்கிறார்கள். அது பெரும்பாலும் உடலில் ஏறாமல் குடல் வழியே வெளியேறிவிடுகிறது. ஆனால் குடலுக்குள் அது சில நச்சுகளைப் பற்றிக்கொள்ளக்கூடும் என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. பூஞ்சை பிடித்த நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் உண்டாகும் அஃப்ளடாக்சின் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கவல்ல நச்சு. சீனாவில் கிடோங் என்னும் பகுதியில் 180 பேரிடம் நடந்து 2001-இல் வெளியான ஆய்வில், குளோரோஃபில்லிலிருந்து செய்யப்பட்ட ‘குளோரோஃபில்லின்’ என்னும் பொருளை 100 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை, நான்கு மாதம் உட்கொண்டவர்களின் சிறுநீரில், அந்த நச்சு மரபணுவைத் தாக்கியதற்கான அடையாளப் பொருள் 55 விழுக்காடு குறைந்திருந்தது. இதனால் புற்றுநோய் குறைந்தது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. கடலையும் மக்காச்சோளமும் விளையும் நம் மாவட்டத்தில் முதலில் செய்ய வேண்டியது, விளைச்சலை நன்றாகக் காயவைத்துச் சேமிப்பதும் பூஞ்சை பிடித்த பருப்பை இரக்கமின்றி எறிவதும்தான்.

கண் புரையையும் விழித்திரைத் தேய்வையும் லூட்டின் தடுக்குமா?

முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி தேயும் நோய்க்கு லூட்டின் ஓரளவு உதவுகிறது. அமெரிக்காவில் அந்த நோயின் இடைநிலையில் இருந்த ஏறத்தாழ 4,200 பேரிடம் நடந்து 2013-இல் முடிவு வெளியான பெரிய ஆய்வுக்குப் பிறகு, அந்நோயாளிகளுக்குத் தரும் மாத்திரையிலிருந்து பீட்டா கரோட்டின் நீக்கப்பட்டு, 10 மில்லிகிராம் லூட்டினும் 2 மில்லிகிராம் ஜியாசாந்தினும் சேர்க்கப்பட்டன. அந்த மாத்திரை, நோய் முற்றுவதை மெதுவாக்குவதற்கானது. நோயே இல்லாதவர் வாங்கி விழுங்குவதற்கானது அன்று. கண் புரையைப் பொறுத்தவரை மாத்திரையால் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. உணவில் லூட்டின் கீரைகளிலும் மஞ்சள் மக்காச்சோளத்திலும் முட்டையின் மஞ்சள் கருவிலும் கிடைக்கிறது. முட்டையில் கொழுப்பும் சேர்ந்தே இருப்பதால் எளிதில் உடலில் ஏறுகிறது. மாலை கட்டும் செண்டுமல்லிப் பூவிலிருந்துதான் மாத்திரைகளுக்கான லூட்டின் எடுக்கப்படுகிறது என்பதும், தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் இதற்காகவே அப்பூ பயிரிடப்படுகிறது என்பதும் பலர் அறியாத செய்தி.

தக்காளி புற்றுநோயைத் தடுக்கும் என்கிறார்களே?

தக்காளியின் சிவப்புக்குக் காரணமான லைகோபீன், ஆண்களின் புரோஸ்டேட் சுரப்பிப் புற்றுநோயோடு சேர்த்து மிகுதியாகப் பேசப்பட்டது. வேகவைத்த தக்காளியை நிறைய உண்போரிடம் அந்நோய் சற்றுக் குறைவாக இருந்ததைச் சில கண்காணிப்பு ஆய்வுகள் கண்டன. வேறு சில காணவில்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005-இல் சான்றுகளை ஆராய்ந்தபோது, தனி லைகோபீன் மாத்திரை புற்றுநோயைத் தடுக்கும் என்பதற்கு ஏற்கத்தக்க சான்று இல்லை என்றே முடிவு செய்தது. தலைவாசல் சந்தையில் தக்காளி மலிந்து கிடக்கும் நாள்களில் எண்ணெயில் வதக்கித் தொக்காகச் செய்து வைத்துக்கொண்டால் வேகவைக்காத தக்காளியைவிட லைகோபீன் நன்றாக உடலில் ஏறும். ஆனால் தொக்கில் உப்பைக் குறைத்துப் போடுங்கள், ஏனெனில் இரத்தக் கொதிப்புக்கு உப்பு செய்யும் தீங்கு ஐயமற்றது. தர்பூசணியிலும் உள்ளே சிவந்த கொய்யாவிலும் லைகோபீன் உண்டு.

நாவல்பழமும் கத்தரிக்காயும் இதயத்துக்கு நல்லவையா?

ஆந்தோசயனின் நிறைந்த பழங்களுக்கும் இதய நலத்துக்கும் உள்ள தொடர்பு, மேலே சொன்ன லைகோபீன் செய்தியைவிட வலுவானது. அமெரிக்கச் செவிலியர் ஏறத்தாழ 93,600 பேரை 18 ஆண்டுகள் கண்காணித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், புளுபெர்ரி, ஸ்ட்ராபெர்ரி போன்ற பழங்களிலிருந்து ஆந்தோசயனினை மிகுதியாகப் பெற்ற பெண்களுக்கு மாரடைப்பு ஆபத்து, அதை மிகக் குறைவாகப் பெற்றவர்களைவிட 32 விழுக்காடு குறைவாக இருந்தது. இது கண்காணிப்பு ஆய்வு மட்டுமே என்பதை மறக்கக் கூடாது. அந்தப் பழங்களை அதிக விலை கொடுத்து வாங்க வேண்டும் என்றும் இதிலிருந்து பெறப்படாது. கோடையின் முடிவில் சாலையோரக் கூறுகளில் விற்கும் நாவல்பழத்தில் அதே குடும்பத்து நிறமிகள் நிறைய உள்ளன. கத்தரிக்காயில் நிறமி முழுவதும் தோலிலேயே உள்ளது; ஆகவே தோலைச் சீவாமல் சமையுங்கள்.

நாவல் கொட்டைப் பொடியைச் சர்க்கரை மருந்துக்குப் பதிலாகச் சாப்பிடலாமா என்ற கேள்விக்கு விடை, கூடாது என்பதே. விலங்குகளிடம் நடந்த ஆய்வுகளில் அது சர்க்கரையைக் குறைத்தது உண்மை. மருந்தை நிறுத்திவிட்டு அதை நம்பலாம் என்று சொல்லும் அளவுக்கு மனிதரிடம் சான்று இல்லை. மருந்தை நிறுத்தியவரின் சிறுநீரகமும் காலும் கண்ணும் அந்த நம்பிக்கைக்கு விலை கொடுக்கின்றன.

கருப்பு கவுனியும் மலைச் சாமையும் சர்க்கரை நோயாளிக்கு ஏற்றவையா?

வெள்ளை அரிசியைவிட ஏற்றவை. ஆனால் அளவில்லாமல் உண்ணத்தக்கவை அல்ல. கருப்பு கவுனியின் நிறமி தவிட்டில் உள்ளது. நிறைய நீரில் திரும்பத் திரும்பக் களைந்தால் நிறமி நீரோடு போய்விடும். ஒருமுறை மட்டும் அலசி, ஊறவைத்த நீரிலேயே வேகவைப்பது நல்லது. சேர்வராயன் மலையின் பழங்குடி மக்கள் தலைமுறைகளாகச் சாமையும் ராகியும் பயிரிட்டு உண்டுவருகின்றனர். ராகியின் செம்பழுப்புத் தோலில் பாலிஃபீனால்கள் என்னும் தாவரப் பொருள்கள் நிறைந்துள்ளன. தோலோடு அரைத்த மாவில் களி கிண்டினால் அவை கிடைக்கும், சலித்து வெளுத்த மாவில் பெரும்பகுதி போய்விடும். எந்தத் தானியமும் கடைசியில் மாவுச்சத்தே என்பதால், களி உருண்டையின் அளவைக் குறைத்துக் கீரைக் கடைசலின் அளவைக் கூட்டுவதுதான் சர்க்கரை நோயாளிக்குப் பயன் தரும்.

பீட்ரூட் இரத்தத்தைப் பெருக்குமா?

பெருக்காது. நிறம் ஒத்திருப்பதால் எழுந்த நம்பிக்கை இது. 100 கிராம் பீட்ரூட்டில் இரும்புச்சத்து 1 மில்லிகிராம் அளவுகூட வருவதில்லை. 2019-21 ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு, அதாவது 53 விழுக்காட்டினருக்கு, இரத்தசோகை இருக்கிறது. இந்த நிலையில் ஒரு கர்ப்பிணிப் பெண் இரும்பு மாத்திரையை ஒதுக்கிவிட்டுப் பீட்ரூட் சாறு குடிப்பது எனக்கு உண்மையிலேயே கவலை தரும் செய்தி. மாத்திரையைத் தவறாமல் உட்கொள்ளுங்கள். கீரை, பயறு வகைகளோடு எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேருங்கள். காப்பியையும் டீயையும் உணவுக்கு ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள், ஏனெனில் அவற்றிலுள்ள பொருள்கள் இரும்பு உடலில் ஏறுவதைத் தடுக்கின்றன.

பீட்ரூட்டுக்கு வேறு பெருமை உண்டு. அதன் சாறு இரத்த அழுத்தத்தைச் சில புள்ளிகள் குறைப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதற்குக் காரணம் நிறமியன்று, அதிலுள்ள நைட்ரேட். வாயிலுள்ள நுண்ணுயிரிகள் அதை மாற்றித்தர, அது பின்னர் இரத்தக்குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடாகிறது. சேலத்தின் மாலை நேரத் தட்டுவடை செட்டில் துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் தாராளமாக வைக்கப்படுவது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் எண்ணெயில் பொரித்த வடையின் கணக்கு அந்தத் துருவலால் நேராகிவிடாது. வீட்டில் அதே துருவலை எலுமிச்சை பிழிந்து தயிரில் கலந்து உண்ணலாம்.

பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிறுநீர் சிவப்பாக வருவதைக் கண்டு அஞ்சுவோர் உண்டு. ஏறத்தாழ 10 முதல் 14 விழுக்காட்டினருக்கு இது நிகழும், தீங்கற்றது. பீட்ரூட் உண்ணாமலேயே சிவந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மஞ்சள் பால் குடித்தால் நோய் வராதா?

ஈரோடு, சேலம், நாமக்கல் வட்டாரம் மஞ்சள் விளையும் பூமி என்பதால், மஞ்சளைப் பற்றி இங்கே யாரும் குறைத்துப் பேச விரும்புவதில்லை. சமையலில் மஞ்சள் நல்லது என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் மஞ்சள் தூளில் குர்குமின் 3 விழுக்காடு அளவே உள்ளது. அதிலும் மிகச் சிறு பகுதியே இரத்தத்தில் சேருகிறது. பெங்களூரில் நடந்து 1998-இல் வெளியான ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது இரத்தத்தில் சேரும் அளவு ஏறத்தாழ 20 மடங்கு உயர்ந்தது. மஞ்சளும் மிளகும் சேர்த்த பாலுக்கும் ரசத்துக்கும் இது ஓர் ஆதரவுதான். ஆயினும் அந்த ஆய்வு கொடுத்தது, வீட்டில் நாம் போடும் சிட்டிகையைவிடப் பல மடங்கு மிகுதியான அளவு.

செறிவூட்டிய குர்குமின் மாத்திரைகளில் கவனம் மிக வேண்டும். அவற்றை உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதை இத்தாலியிலும் அமெரிக்காவிலும் மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். பைப்பரின் சேர்த்து உறிஞ்சுதலைக் கூட்டிய மாத்திரைகள் அவற்றில் பலவாக இருந்தன. மற்றொன்று, தூளின் தூய்மை. மெட்டானில் மஞ்சள் என்னும் சாயமும் காரீய குரோமேட்டும் கலக்கப்படுவது அறியப்பட்ட கலப்படங்கள். பின்னது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. விரலி மஞ்சளாக வாங்கிக் காயவைத்து அரைத்துக்கொள்ள முடிந்தால் அதுவே பாதுகாப்பு. கண்ணைப் பறிக்கும் பளபளப்பான விரலியையும் தவிர்க்கலாம்.

ஏற்காட்டு ஆரஞ்சும் காப்பியும் இந்தக் கணக்கில் வருமா?

கமலா ஆரஞ்சு வரும். அதன் நிறத்துக்குக் காரணமானவற்றுள் பீட்டா கிரிப்டோசாந்தின் முதன்மையானது. அதுவும் வைட்டமின் ஏ ஆக மாறவல்லது. ஆரஞ்சுத் தோல் மஞ்சளாவதற்கு இரவுக் குளிர் தேவை. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலிருக்கும் ஏற்காட்டில் அது கிடைக்கிறது. வெப்பமான இடத்தில் விளைந்த பழம் உள்ளே நன்றாகக் கனிந்தும் தோலில் பச்சையாகவே இருக்கலாம், ஆகையால் தோலை மட்டும் வைத்து ஒதுக்க வேண்டாம். சாறாகப் பிழியாமல் சுளையாகத் தின்னுங்கள்.

1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் மலைக்குக் கொண்டுவந்த காப்பிச் செடியின் பழம் சிவப்பது ஆந்தோசயனினால். நாம் குடிக்கும் காப்பியின் பழுப்போ கொட்டையை வறுக்கும்போது உண்டாவது. காப்பி குடிப்போருக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் சற்றுக் குறைவாக வருவதைக் கண்காணிப்பு ஆய்வுகள் கண்டிருக்கின்றன. சர்க்கரையை அள்ளிப் போட்ட காப்பிக்கு அந்த ஆறுதலைச் சொல்ல முடியாது.

பளிச்சென்று மஞ்சளாக இருக்கும் மாம்பழம் சத்து மிகுந்ததா?

எப்போதும் அப்படியில்லை. மரத்தில் முற்றிய காய் இயல்பாகப் பழுக்கும்போது சதைக்குள் கரோட்டினாய்டுகள் பெருகுகின்றன. முற்றாத காயைக் கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்தால் தோல் மட்டும் மஞ்சளாகி உள்ளே வெளுத்தும் புளித்தும் கிடக்கும். பழுக்கவைக்கக் கார்பைடு பயன்படுத்துவது இந்தியாவில் தடை செய்யப்பட்டது. எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்குக்கு 100 பங்கு) அளவு வரை பயன்படுத்த மட்டுமே அனுமதி உண்டு. சின்னக்கடை வீதியில் மல்கோவாவோ இமாம்பசந்தோ வாங்கும்போது நிறத்தைவிட மணத்தையும் காம்புப் பக்கத்து மேட்டையும் பாருங்கள். மல்கோவா நன்றாகப் பழுத்த பின்னும் தோலில் பச்சை கலந்தே இருக்கும்.

உணவுக்குப் போடும் செயற்கை நிறங்களும் இவையும் ஒன்றா?

இல்லை. இந்தியாவில் 8 செயற்கை நிறங்களுக்கு மட்டும், குறிப்பிட்ட உணவுகளில், பொதுவாக ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராம் வரை அனுமதி உண்டு. பஞ்சுமிட்டாயில் கலந்த ரோடமின் பி துணிச்சாயம்; 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அந்த மிட்டாய்க்குத் தடை விதித்தது அதனால்தான். குழந்தையின் பிறந்தநாள் இனிப்புக்கு நிறம் வேண்டுமென்றால் பீட்ரூட் சாறு, கேரட் சாறு, சங்குப்பூ ஊறிய நீர் ஆகியவை போதும்.

நிறமில்லாத உணவுகள் எல்லாம் பயனற்றவையா?

இல்லை. வெங்காயம், பூண்டு, முள்ளங்கி, காலிஃபிளவர் ஆகியவை வெளுத்திருந்தும் நன்மை மிக்கவை. ஜவ்வரிசி நம் ஊரின் பெருமைக்குரிய தொழில். ஆனால் அது ஏறத்தாழ முழுக்க மாவுச்சத்து. உப்புமாவாகச் செய்தால் பட்டாணி, கேரட், நிலக்கடலை, கொத்தமல்லி ஆகியவற்றை அதற்கு ஈடாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் பதிலாக ஒரு நிறமி மாத்திரை போட்டுக்கொண்டால் என்ன?

இந்தப் பக்கத்திலேயே நீங்கள் மறக்காமல் இருக்க வேண்டிய விடை இது என்று நினைக்கிறேன். கேரட்டும் கீரையும் உண்போருக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று கண்காணிப்பு ஆய்வுகள் சொன்னதை நம்பி, ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். நாளுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை பெற்றவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு மிகுந்திருந்ததை 1994-இல் அறிவித்தார்கள். அமெரிக்காவில் புகைபிடிப்போரும் கல்நார்த் தொழிலாளருமாக 18,314 பேரிடம் நடந்த இன்னோர் ஆய்வில், பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏ-யும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்நோய் 28 விழுக்காடு மிகுந்திருந்ததால், 1996 ஜனவரியில் மாத்திரை கொடுப்பதை இடையிலேயே நிறுத்தினார்கள். அமெரிக்க ஆண் மருத்துவர்கள் 22,071 பேரிடம் 12 ஆண்டுகள் நடந்த மூன்றாவது ஆய்வு நன்மையும் காணவில்லை, தீமையும் காணவில்லை.

காயில் பல நூறு பொருள்களோடு கலந்து, சிறு அளவில், மெதுவாக உடலில் சேரும் ஒன்று, தனியே பிரித்துப் பெரும் அளவில் புகட்டப்படும்போது வேறுவிதமாக நடந்துகொள்கிறது. புகைபிடிப்பவரும், அண்மையில் விட்டவரும் பீட்டா கரோட்டின் மாத்திரையைத் தொடவே கூடாது. கர்ப்பிணிகள் ரெட்டினால் வடிவிலான வைட்டமின் ஏ-யை மருத்துவர் சொல்லாமல் எடுக்கக் கூடாது, அது மிகுந்தால் கருவைப் பாதிக்கும்; கீரை, பப்பாளி போன்றவற்றின் கரோட்டினுக்கு அந்த ஆபத்து இல்லை, ஏனெனில் உடல் தனக்குத் தேவையானதை மட்டுமே மாற்றிக்கொள்கிறது.

ஒரு நாளைக்கு எவ்வளவு உண்ண வேண்டும்? செலவு கட்டுப்படியாகுமா?

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி நாளுக்கு 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும். அந்தக் காய்கறியில் 100 கிராம் கீரையாக இருக்க வேண்டும். பலர் இதில் பாதியைக்கூட எட்டுவதில்லை. எல்லா நிறமும் ஒரே நாளில் வேண்டியதில்லை. ஒரு கட்டுக் கீரை, ஒரு கீற்று அரசாணிக்காய், இரண்டு தக்காளி, கத்தரிக்காய், ஒரு பீட்ரூட், ஒரு கொய்யா என்று பருவத்தில் மலிவாக இருப்பதை வாரம் முழுவதும் மாற்றி மாற்றி வாங்கினாலே நான்கு குடும்பங்களும் வந்துவிடும். சந்தை முடியும் நேரத்தில் விலை இறங்கும்போது வாங்கிய கீரையும் கீரைதான், அன்றே சமைத்துவிடுங்கள்.

கேரட், பப்பாளி நிறையத் தின்றதில் குழந்தையின் உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது. காமாலையா?

விழிவெண்மையைப் பாருங்கள். அது வெண்மையாகவே இருந்து, உள்ளங்கையும் உள்ளங்காலும் மூக்கின் ஓரமும் மட்டும் மஞ்சளாக இருந்தால் அது கரோட்டின் படிந்ததாகவே இருக்கும். சில வாரம் அளவைக் குறைத்தால் மறையும். விழிவெண்மை மஞ்சளானாலோ சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனாலோ அது காமாலையாக இருக்கலாம். நாட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

யாரெல்லாம் கவனமாக இருக்க வேண்டும்?

இரத்தம் உறைவதைத் தடுக்க வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் கீரையை ஒரு வாரம் அள்ளி உண்டு அடுத்த வாரம் நிறுத்துவது கூடாது. கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும் என்பதால், நாள்தோறும் ஏறத்தாழ ஒரே அளவாக உண்டு, அந்த அளவை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஆக்சலேட் வகைச் சிறுநீரகக் கல் வந்தவர்கள் பாலக் கீரையையும் பீட்ரூட்டையும் குறைத்து, நம் ஊர் வெயிலுக்கு ஏற்ப நீரை மிகுதியாகக் குடிக்க வேண்டும். சிறுநீரகம் பழுதடைந்து பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்டவர்கள், எந்தக் காய், எவ்வளவு என்பதை உணவியல் வல்லுநரிடம் கேட்டுத்தான் உண்ண வேண்டும். பித்தப்பைக் கல்லோ கல்லீரல் நோயோ உள்ளவர்கள் குர்குமின் மாத்திரையைத் தவிர்க்க வேண்டும். குழம்பில் போடும் மஞ்சளை நிறுத்த வேண்டியதில்லை.